பைக்குள் காத்திருந்த வளையம்

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பிரிட்டனில் பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனாலும் பல பள்ளிகளின் தொழில்நுட்பக் கூடங்களில் இயந்திரங்கள் ஓய்வெடுக்கவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் அருகிலிருந்த மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் முகக் கவசம் செய்துகொண்டிருந்தார்கள். முகத்துக்கு முன்னால் கண்ணாடிபோல் தொங்கும் தகடு, அதைப் பிடித்துக்கொள்ளும் தலைப்பட்டை, பின்னால் ஒரு எலாஸ்டிக், இவ்வளவுதான் கவசம்.

பலர் பின்பற்றிய தலைப்பட்டை வடிவம் செக் நாட்டின் ப்ராக் நகரிலிருந்து வந்தது. முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் செய்யும் ஜோசப் ப்ரூசா, அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து சரிபார்த்த அந்த வடிவத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டார். காசு கேட்டிருந்தால் எத்தனை பள்ளிகளால் தொட்டிருக்க முடியும்?

இந்த இயந்திரம் எப்படி அச்சடிக்கிறது? முறுக்கு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி உருக்கிய பிளாஸ்டிக் இழை, பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் துளை வழியே இறங்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிகிறது. எந்த இழை என்பதும் முக்கியம். மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகும். வெந்நீரில் போட்டால் கோணிப்போகும். பெட்ஜி என்ற இன்னொரு இழை சுமார் 80 டிகிரிவரை தாங்கும். அடுக்குகளுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களில் அழுக்கு தங்கும் என்பதால் துடைத்துச் சுத்தம் செய்வதும் எளிதல்ல.

என் மனத்தில் நிற்பது இன்னொரு கவனம். அச்சடிப்பவருக்கே தொற்று இருந்தால்? அதனால் முகமூடியும் கையுறையும் அணிந்து பட்டையை எடுத்து, பைக்குள் மூடி, சில நாள் விட்டுவைத்துப் பிறகே கொடுக்கச் சொன்னார்கள். கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை தொற்றும் தன்மையோடு இருக்கலாம் என்று ஆய்வகச் சோதனை ஒன்று அந்த மார்ச்சிலேயே காட்டியிருந்தது. அவசரத்துக்கு நடுவில் காத்திருப்பது, அதுவும் பதின்வயதுப் பிள்ளைகள் காத்திருப்பது, சாதாரணமா!

இந்தக் கவசத்தால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. அமெரிக்காவில் வில்லியம் லிண்ட்ஸ்லி குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இருமும் இயந்திரத்துக்கு 46 சென்டிமீட்டர் எதிரே கவசத்தை வைத்துப் பார்த்தார்கள். இருமியவுடன் மூச்சோடு உள்ளே போகும் பெருந்துளிகளை 96 சதவீதம் அது குறைத்தது. சிறு துளிகளில் 68 சதவீதம்தான். காற்றில் மிதப்பவை ஓரங்களில் சுற்றிக்கொண்டு உள்ளே போயின. அதனால்தான் முகமூடிக்கு மேல் இதை அணியவேண்டியிருந்தது.

சில வாரங்களில் தொழிற்சாலைகளின் வார்ப்பச்சுகள் தயாராகின. பள்ளியில் மணிக்கணக்கில் உருவான பட்டை அங்கே நொடிகளில் விழுந்தது. ஆனால் வார்ப்பச்சு தயாராகும்வரை நோயாளி இருமாமல் இருக்கமாட்டார். அந்த நாட்களில் பல செவிலியர்களின் நெற்றியில் இருந்தவை, பிள்ளைகள் பையில் மூடிவைத்து அனுப்பிய வளையங்கள்.