வான்வழித் தொலைவும் திருத்தணிச் சாலையும்

ஆர்.கே.பேட்டை மக்களுக்கு எட்டும் தொலைவில் இரண்டு வானூர்தி நிலையங்கள் உள்ளன: கிழக்கே சென்னை மீனம்பாக்கம், வடக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால், திருப்பதிக்குரிய ரேணிகுண்டா. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு? திருத்தணி, நகரி, புத்தூர் வழியே சென்றால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வான்வழிக் கணக்கிலோ 99 கிலோமீட்டர்தான். நேர்கோடு நாகலாபுரம் மலைப்பகுதியின் மேலாகச் செல்கிறது. சாலையோ மலைகளை விலக்கி, மேற்கே திருத்தணிவரை சென்று, அதன்பின் வடக்கே திரும்புகிறது.

அந்த 99 என்னும் எண்ணை நாமே கண்டறியலாம். மீனம்பாக்கம் வட அகலாங்கு 12.99 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 80.18 பாகையிலும் உள்ளது. ரேணிகுண்டா முறையே 13.63, 79.54. இரண்டிலும் வேறுபாடு 0.64 பாகை. வடதெற்காக ஒரு பாகை இப்பகுதியில் 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 108.4 மட்டுமே. நெட்டாங்குக் கோடுகள் முனைகளை நோக்கி நெருங்கி வருவதே இக்குறைவுக்குக் காரணம். பெருக்கினால் 70.8, 69.4 என இரு பக்கங்கள் கிடைக்கும். செங்கோண முக்கோணத்தின் கர்ணமே நாம் தேடும் தொலைவு.

நெடுந்தொலைவுக்கு இம்முறை போதாது. சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே புவியின் வளைவு முழு வலிமையுடன் குறுக்கிடும். அங்கே பெருவட்டத்தின் வில்லைத்தான் அளக்க வேண்டும். புவியும் சரியான உருண்டையன்று. நடுவரை ஆரம் 6,378 கிலோமீட்டர், முனை ஆரம் 6,357. இந்த 21 கிலோமீட்டர் வேறுபாட்டையும் கணக்கில் கொண்ட உலகப் புவியளவை முறைமை 1984 என்னும் பொது அளவையைப் பன்னாட்டு வான்போக்குவரத்து 1998 முதல் கைக்கொண்டது. நிலையத்தின் எப்புள்ளியிலிருந்து அளப்பது என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். சென்னையின் முதன்மை ஓடுபாதையே 3.6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப்புள்ளி உண்டு.

புவியை அளக்கும் பணியின் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது என்பதை நம் மாணவர் பலர் அறியார். மீனம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலைப் பகுதியில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தம் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி. வெப்பத்தில் எஃகு நீளுமாதலால் உடன் வெப்பமானிகள். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணங்கள் அடுக்கடுக்காக எழுந்தன. பின்னர் அப்பணியை ஏற்ற எவரெஸ்ட், 1830இல் புவியின் வடிவளவைக் கணித்து வெளியிட்டார். இந்திய நிலப்படங்கள் நெடுங்காலம் அதையே அடிப்படையாகக் கொண்டன. வானூர்திகள் இன்று ஏறி இறங்கும் இடத்தருகே, சங்கிலி பிடித்துக் கொளுத்தும் வெயிலில் நடந்த பெயர் தெரியாத் தொழிலாளரையும் நாம் போற்ற வேண்டும்.

கணக்கிட்ட தொலைவை வானூர்தி அப்படியே பறப்பதில்லை. வகுக்கப்பட்ட வான்தடங்கள், காற்றின் போக்கு, ஓடுபாதையை நோக்கிச் சுற்றி வரும் வளைவு ஆகியவை வழியை நீட்டும். சென்னை–தில்லி வான்தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். பறக்கும் வழி அதனினும் சற்று மிகும். தொடர்வண்டிப் பாதையோ ஏறத்தாழ 2,180.

ஆர்.கே.பேட்டை, திருத்தணி வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் செய்து காட்ட வேண்டும். தம் பள்ளியின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கைப்பேசியில் கண்டு, இரு நிலையங்களுக்கும் உள்ள தொலைவை மாணவர்கள் தாமே கணிக்கட்டும்.