மார்க்கப்படி சுத்தமான தண்ணீரில் கிருமி இருக்குமா?

கோடை விடுமுறை வந்தால் நம் திருச்சிப் பிள்ளைகள் அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்கும், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய கொள்ளிடத்துக்கும் கிளம்பிவிடுவார்கள். "ஹஜ்ரத், சுத்தமான தண்ணீர்தானே, என்ன பயம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு.

ஷாஃபி மத்ஹபில் இரண்டு குல்லத் தண்ணீரும், ஹனஃபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழ ஹவுளும், நஜீஸ் விழுந்து நிறம், சுவை, வாடை மாறாதவரை சுத்தமானவையே. இது உளூவும் குளிப்பும் கூடுவதற்கான சட்டம். கிருமியைப் பற்றி இச்சட்டம் பேசவில்லை. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் நாம் மறக்கக் கூடாது.

2024இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் சிலர் மூளையைத் தாக்கும் அமீபாவால் மரணித்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இது குடிப்பதால் தாக்குவதில்லை. மூக்கு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. கராச்சியில் இந்நோய் கண்ட பலர் நீந்தவே இல்லை. உளூவில் மூக்குக்குச் செலுத்திய குழாய்த் தண்ணீரையே ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். நோய் அரிது, ஆனால் பிழைத்தவர்கள் மிகக் குறைவு.

இதைத் தடுப்பது குளோரின். நீச்சல் குளத்தில் அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8க்குள் இருக்க வேண்டும். அது ஏறினால் குளோரின் வீரியம் குறையும். வெயிலும் குளோரினைக் குறைக்கும். கண் எரிந்து, கடும் நெடி அடித்தால் "நன்றாக மருந்து போட்டிருக்கிறார்கள்" என்று எண்ண வேண்டாம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்வதால் வரும் நெடி அது. எனவே குளத்தில் இறங்கும் முன் பிள்ளைகளைக் கழிவறைக்கு அனுப்பி, சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே வேண்டாம். அதனால் பரவும் ஒரு வகைக் கிருமி குளோரினிலும் பல நாள் உயிரோடிருக்கும்.

பள்ளிவாசல் ஹவுளையும் மாடித் தொட்டியையும் குறித்த நாளில் கழுவி, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மாலையில் ஊற்றலாம். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் மிச்சம் இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். அதன் லேசான வாடை உளூவைப் பாதிக்காது. குளோரின் போடாத தொட்டி என்றால், மூக்குக்கு மட்டுமாவது காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

குளித்த சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, எங்கே குளித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தொழ வருவோரின் உடல்நலம் ஜமாஅத் நிர்வாகத்திடம் உள்ள அமானிதம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.