வேலூர்க் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

 

ஜப்பான் சென்று திரும்புவோர் ஹிமேஜி என்னும் கோட்டை நகரைப் பற்றி வியந்து பேசுவர். 1609இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெண்ணிற மாளிகையை அந்நாட்டினர் கண்ணெனப் பேணி வருகின்றனர். திமிரியிலும் ஆற்காட்டிலும் ஆம்பூரிலும் வாழும் நாம் கோட்டை காண அத்தனை தொலைவு செல்ல வேண்டியதில்லை.

திமிரியிலேயே ஒரு கோட்டை இருந்தது. 1751இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தபோது, அங்கிருந்து விலகிய சந்தா சாகிபின் படையினர் திமிரியருகேதான் பாசறை அமைத்தனர். ஆற்காட்டுக் கோட்டையின் அடையாளமாக இன்று டெல்லி கேட் நிற்கிறது. வேலூர்க் கோட்டையோ அகழியும் மதிலும் குலையாமல் விளங்குகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின்கீழ் எழுந்த கருங்கல் கோட்டை இது. பரப்பு 133 ஏக்கர். உள்ளே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ளன. 1981இல் கோயிலில் வழிபாடு மீண்டும் தொடங்கியது. பள்ளிவாசலில் தொழுகை நடைபெறுவதில்லை என்பதைக் காணும்போது மனம் கனக்கும்.

ஹைதர் மஹால், திப்பு மஹால் ஆகியவற்றின் முன் சற்று நில்லுங்கள். 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின், அவர் குடும்பத்தார் இக்கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர். 1806ஆம் ஆண்டு சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும், நெற்றியில் சமயக்குறி இடலாகாது, தோல் பதித்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று கும்பினியார் ஆணையிட்டனர். ஈமானைத் தொட்ட ஆணை அது. இந்துச் சகோதரர்களின் நெஞ்சையும் சுட்டது. ஜூலை 10 விடியுமுன் இரு சமயத்துச் சிப்பாய்களும் ஒன்றாகக் கிளர்ந்தெழுந்தனர். கோட்டையில் திப்புவின் கொடி பறந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து அன்றே அவர்களை அடக்கியது. நூற்றுக்கணக்கானோர் உயிர் நீத்தனர். ஆயினும் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

கோட்டையைக் கண்டபின், நகரிலுள்ள மக்பராக்களுக்கும் செல்லுங்கள். ஹைதர் அலியின் துணைவியார் பக்ஷி பேகமும், திப்புவின் துணைவியார் பாதுஷா பேகமும் அங்கே அடங்கியுள்ளனர். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.

தாய்மார்களே! விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். இம்மண்ணுக்காக நம் முன்னோர் சிந்திய குருதியைப் பிள்ளைகள் பிறர் சொல்லி அறிவதைவிட, உங்கள் கைப்பிடித்து நடந்து அறியட்டும். அறிந்த பிள்ளை தலை குனியாது; பிறரை வெறுக்கவும் செய்யாது.