காடு கண்ட கிருஷ்ணன்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் தேடி வாங்கும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? இந்நகரின் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டில் 1950 முதல் 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றி எழுதி வந்தவர் ஒரு தமிழர்!

அவர்தாம் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996). சென்னையிலிருந்தே கட்டுரை அனுப்பினார். அவற்றிற்குரிய சித்திரங்களையும் தாமே வரைந்தார். பல கருவிகளின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்த காமிராவுடன் பழக்கிய யானைமீதேறிச் சென்று, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்தார். வண்ணப்படத்தை அவர் நாடவில்லை. பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நாட்டு மரங்களை விடுத்து அயல் மரங்களை நடுவதை அவர் கடிந்தார். குடிபெயர்ந்து வாழும் நமக்கு அது சற்றே உறைக்கிறது!

அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்தவர் தியடோர் பாஸ்கரன். அதனைப் படிக்கும் அளவேனும் தமிழ் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டுமே என்பதே நம் கவலை.