கம்பி இழுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பழைய மாமல்லபுரம் சாலையில் இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட வேண்டுமானால், கட்டுபவர் முதலில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். மழைநீர் எங்கே வடியும், கழிவுநீரை என்ன செய்வார்கள், எத்தனை மரம் போகும் என்றெல்லாம் எழுதித் தர வேண்டும். அதே சாலைக்கு மேற்கே, ஏரிகளையும் வயல்களையும் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு 400 கிலோவோல்ட் மின்பாதை அமைப்பதானால் அந்த அனுமதி தேவையில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் அனல்மின் நிலையம் இருக்கிறது, அணுமின் நிலையம் இருக்கிறது, துறைமுகமும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. மின்பாதை இல்லை.

அட்டவணையில் இல்லாததால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அந்தக் கூட்டத்தின் அருமை செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தெரியும். செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, அது அட்டவணையில் உள்ள திட்டம் என்பதால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்துக் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. அறிக்கை வெளியானதால் மீனவர்களும் விவசாயிகளும் அதைப் படித்தார்கள். கடற்கரை மணல்மேடுகள் பற்றியும் நீர்நிலைகள் பற்றியும் அதில் எழுதியிருந்ததை ஊரில் உள்ளதோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த நிலையம் கட்டப்படவில்லை. ஒரு மின்பாதை அதே செய்யூர் வழியாகப் போனால், ஒப்பிட்டுப் பார்க்க ஊர் மக்களின் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

மின்பாதையே வேண்டாம் என்று சொல்வது நியாயமாகாது. 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டு, மின்சாரத்தைத் தருவதிலும் தின்பதிலும் முன்னணியில் நிற்கிறது. கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள் 1984, 1986ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தி தொடங்கின. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரவும் பகலும் மின்சாரம் கேட்கின்றன. மறைமலை நகர் தொழிற்சாலைகள், மகிந்திரா சிட்டி, சிறுசேரி என்று தேவை கூடிக்கொண்டே போகிறது. களிவந்தபட்டிலும் ஒட்டியம்பாக்கத்திலும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் இதற்காகவே எழுந்தன. தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. முப்பந்தல் காற்றாலையில் சுழல்வது சென்னைப் புறநகரில் விளக்காக எரிய வேண்டுமென்றால் நடுவே கோபுரங்கள் நின்றுதான் ஆக வேண்டும். மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே மின்சாரத்தைக் கொண்டுபோகப் பாதி மின்னோட்டம் போதும். வழியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகக் குறையும். 230, 400, 765 என்று கிலோவோல்ட் ஏறிக்கொண்டே போவது அதனால்தான்.

அழுத்தம் ஏற ஏறப் பாதையின் அகலமும் கூடும். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுப் பாதைக்கு 67 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் முன்னதுக்குப் பதினொரு ஏக்கருக்கு மேல், பின்னதுக்குப் பதினாறு ஏக்கருக்கு மேல் வரும். இந்த நிலத்தை அரசு வாங்குவதில்லை. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது. தென்னை, பனை, மா, சவுக்கு என்று உயரமாக வளரும் எதையும் வைக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல் நிலத்தில் சவுக்குதான் பணப்பயிர், கடல்காற்றைத் தடுத்து உள்நிலத்துப் பயிரைக் காப்பதும் அதுவே. தோப்பின் நடுவே 46 மீட்டருக்கு வெட்டித் திறந்துவிட்டால், வெட்டிய மரங்களுக்குக் கணக்குண்டு. காற்று புகுந்து கெடும் பக்கத்து வயலுக்குக் கணக்கில்லை.

உரிமையாளர் மறுத்தால்? 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தை மின்பாதை அமைப்பவர்களுக்கு வழங்கியது. நில உரிமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2016இல் தீர்ப்பளித்தது. தடுத்தால் மாவட்ட ஆட்சியர் உத்தரவு போடலாம். இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். பாதையை மாற்று என்று கேட்க முறையான மேடை எதுவும் இல்லை. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் நிலத்துக்கு 15 சதவீதம் வரை என்று 2015இல் மத்திய மின்துறை வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தியது. நல்ல உயர்வுதான். ஆனால் எந்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற சண்டை அப்படியே இருக்கிறது. பத்திரப்பதிவின் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியைச் செங்கல்பட்டில் மனை வாங்கிய எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்புகளும் உண்டு. இது ஏரி மாவட்டம். ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது வரத்துக்கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்கு. பட்டா நிலத்தில் கோபுரம் போட்டால் தகராறு, இழப்பீடு, வழக்கு. ஏரிப் புறம்போக்கில் போட்டால் கேட்க ஆளில்லை. பாதை ஏரிப் பக்கம் சாய்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? கோபுரத்தின் நான்கு கால்கள் பிடிக்கும் இடம் சிறிதுதான். அந்தக் கால்களுக்குக் குழி தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள், கான்கிரீட் வண்டி போக எந்தக் கால்வாயின் மேல் மண்பாதை போட்டார்கள், வேலை முடிந்ததும் அதை எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். வரத்துக்கால்வாயில் முழங்கால் உயரத்துக்கு விட்டுப்போன மண் போதும், அடுத்த மழையில் கீழ் ஏரிக்கு வர வேண்டிய நீர் வேறெங்கோ போய்விடும்.

பறவைகளின் கதை இன்னும் நுணுக்கமானது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ முப்பது ஹெக்டேர்தான். நீர்க்கடம்பு மரங்களின் உச்சியில் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டறிந்த ஊர்க்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கொதித்துப்போய், 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில், தங்கள் ஊரில் ஒரு காரியம் நடந்தால் என்ன கெடும் என்று ஊரே கணக்குப் போட்டு ஆட்சியாளரிடம் சொல்லியிருக்கிறது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாயின.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம். அந்த எல்லைக்குள் மின்பாதை போக வேண்டுமானால் 1972 வனஉயிரினச் சட்டப்படி தேசிய வனஉயிரின வாரியத்தின் ஒப்புதல் தேவை. அதைத் தாண்டினால் தேவையில்லை. கூழைக்கடாவுக்கு இந்த எல்லை தெரியாது. விடியலில் அது இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் கடற்கரைக் கழிமுகங்களுக்கும் போகிறது. ஒதியூர் ஏரியிலும் கோவளம், முட்டுக்காடு பக்கம் உள்ள உப்பங்கழிகளிலும் நீர்ப்பறவைகள் மேய்கின்றன. 11, 33 கிலோவோல்ட் பாதைகளில் இரண்டு கம்பிகளுக்கிடையே இடைவெளி குறைவு, அதனால் அங்கே சிறகு தொட்டு மின்சாரம் தாக்கிச் சாகும். உயர்கோபுரப் பாதைகளில் இடைவெளி அதிகம். அங்கே மோதிச் சாகும். பெரும்பாலும் மோதுவது, மின்னலைத் தாங்குவதற்காக உச்சியில் கட்டியிருக்கும் மெல்லிய தரைக்கம்பியில். தடித்த மின்கம்பிகளைக் கண்டு மேலே எழும்பும் கனத்த பறவைக்கு, அதற்கும் மேலே இன்னொன்று இருப்பது கடைசி நொடியில்தான் தெரியும். ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாவதாக இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டது. கானமயிலுக்காக உச்ச நீதிமன்றமே 2021இல் தலையிட்டு, கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொல்லி, 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்த வேண்டியிருந்தது. பாதைகள் எழுந்தபின் கேள்வி கேட்டால் இந்தத் திண்டாட்டம்தான் மிஞ்சும்.

சர்வே எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். சித்திரை வெயிலில் வற்றிக் கிடக்கும் ஏரி, அளக்க வருபவர் கண்ணுக்கு ஆடு மேயும் பொட்டலாகத்தான் தெரியும். அதே இடத்தை மார்கழி விடியலில் பார்த்தால் கோபுரத்தை எங்கே தள்ளிப் போட வேண்டும் என்று அவருக்கே தோன்றும். முறையான தாக்க மதிப்பீடு என்றால் ஒரு மழைக்காலத்தையாவது பார்த்திருக்க வேண்டும்.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. துண்டு துண்டாக இருக்கிறது. காப்புக்காடு என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி. மாமல்லபுரத்தில் தொல்லியல் சட்டம்: பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டர் வரை புதுக் கட்டுமானமே கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற்றே செய்ய வேண்டும். ஒவ்வோர் அலுவலகமும் தன் எல்லைக்குள் வரும் கோபுரங்களை மட்டும் பார்க்கிறது. முழுப் பாதையையும் ஒருசேரப் பார்த்து, இதைவிடக் குறைவாகக் கெடுக்கும் வேறு வழி உண்டா என்று கேட்பவர் யாரும் இல்லை. எந்தத் துண்டிலும் அடங்காத வயலும் ஏரியும் சவுக்குத் தோப்பும் கேள்வியே இல்லாமல் கடந்துபோகின்றன.

புயலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. உப்புக்காற்று இன்சுலேட்டர்களில் படிந்து மின்கசிவை உண்டாக்கும். கடலை ஒட்டிப் பாதையைக் கொண்டுபோனால் பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் கூடும். பாதையை நல்ல இடத்தில் வைப்பது மின்வாரியத்துக்கே லாபம்.

கொங்கு மண்டலத்தில் 2018, 2019இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் பாதை வந்தபோது ஈரோடு, திருப்பூர், கோவை விவசாயிகள் சாலையோரம் கேபிளாகப் புதைக்கச் சொல்லிப் போராடினார்கள். முடியாது என்றே பதில் வந்தது. ஆனால் அதன் தொடர்ச்சியான புகளூர்–திருச்சூர் 320 கிலோவோல்ட் பாதையில், நெருக்கமாக வீடுகள் உள்ள கேரளப் பகுதியில் கம்பி மண்ணுக்குள் போனது. 2021 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. புதைப்பது பல மடங்கு செலவு, எல்லா இடத்திலும் சாத்தியமும் இல்லை. எங்கே சாத்தியம், எங்கே இல்லை என்பதைக் கணக்கோடு மக்கள் முன் வைத்திருந்தால் பாதிப் போராட்டம் நடந்திருக்காது.

பக்கத்து இலங்கையில் 1993இலிருந்தே, 50 கிலோவோல்ட்டுக்கு மேல் பத்துக் கிலோமீட்டருக்கும் கூடுதலான மேல்நிலை மின்பாதை, சுற்றுச்சூழல் மதிப்பீடு கட்டாயமான திட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. விரிவான அறிக்கை தேவைப்பட்டால் அது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நம் நாட்டிலேயே விருதுநகர்–கோவை 765 கிலோவோல்ட் பாதைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தபோது, அந்த வங்கியின் விதிப்படி சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கப்பட்டது. கடன் கொடுப்பவர் கேட்டால் தருகிறோம், நிலம் கொடுப்பவர் கேட்டால் தருவதில்லை என்பது வருத்தமான நிலை.

மதிப்பீடு என்றால் தாமதம் என்பார்கள். அமெரிக்காவில் சன்ஸியா என்ற 550 மைல் பாதைக்கு அனுமதி முடிய பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனது உண்மை. அவ்வளவு காலம் நமக்குக் கட்டுப்படியாகாது. கோவாவின் மொல்லம் காட்டில் நடந்தது வேறு. தம்னார் 400 கிலோவோல்ட் பாதை சரணாலயத்தைப் புதிதாகப் பிளந்துகொண்டு போகவிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் மத்திய உயரதிகாரக் குழு 2021 ஏப்ரலில் ஆராய்ந்து, ஏற்கெனவே உள்ள மின்பாதையை ஒட்டியே கொண்டுபோகச் சொன்னது. 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்றது. மாற்றுப் பாதை இருந்தது. யாரோ கேட்கும்வரை அது வெளியே வரவில்லை.

அட்டவணையில் மின்பாதையைச் சேர்க்க மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். அதுவரை கிராமங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாதை தீர்மானிக்கும்போது மாற்று வழிகளும் பரிசீலிக்கப்பட்டிருக்கும். அந்த வரைபடங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏரி, வரத்துக்கால்வாய், பறவை வரும் மாதம், வெட்டப்படும் பனை எத்தனை என்று ஊரே ஒரு பட்டியல் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்புங்கள். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. சர்வே கல் நடுவதற்கு முன் வரும் கூட்டத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.