காணாத விலங்கும் காட்டும் சான்றும்

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வானளாவ நிற்கும் மலைத்தொடர் ஒன்று தோன்றும். மழைக்காலத்தில் அதன் முடிகள் முகிலுள் மறையும். கோடையில் அது நீலச் சுவர் போல விளங்கும். அம்மலைக்கு அப்பால் சேரநாடாகிய கேரளம் உள்ளது. வடக்கே வருசநாட்டு மலைகளும் மேகமலையும் உள்ளன. தெற்கே பொதிகை வரையில் காடுகள் தொடர்கின்றன. இத்தகைய பெருங்காட்டைக் காணும்போது, ‘மனிதர் கண்ணுக்குப் புலப்படாமல் இதனுள் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றனவோ!’ என்னும் வியப்பு எவர்க்கும் எழுவது இயல்பே.

இவ்வியப்பு இந்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. இமயமலையில் வாழும் மக்கள், பனி மூடிய மலைகளில் ‘யெட்டி’ என்னும் உயிர் உலவுவதாகத் தொன்றுதொட்டுக் கூறிவருகின்றனர். அதனைப் பிறர் ‘பனிமனிதன்’ என்றனர். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில், உடலெங்கும் மயிர் அடர்ந்து, மனிதரைப் போல இரு காலால் நடக்கும் பேருருவம் ஒன்று வாழ்வதாகச் சொல்லப்படுகிறது. அதன் அடிச்சுவடு மிகப் பெரியது என்பதனால் ‘பிக்ஃபுட்’, அதாவது பெரும்பாதம் உடையது, என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. இத்தகைய உயிர்கள் உண்மையில் உள்ளனவா? அன்றி, அவை மக்கள் மனத்தில் மட்டும் வாழ்வனவா? இவ்வினாவிற்கு விடை தேடிப் பலர் காடும் மலையும் அலைந்துள்ளனர்.

1951-ஆம் ஆண்டில் எரிக் சிப்டன் என்னும் மலையேறும் வீரர், எவரெஸ்டுச் சிகரத்திற்கு வழி தேடிச் சென்றபோது, மென்லுங் என்னும் பனியாற்றின் மீது பெரிய அடிச்சுவடு ஒன்றைக் கண்டார். அளவு விளங்குமாறு பனிக்கோடரி ஒன்றை அதன் அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்தார். அப்படம் உலகெங்கும் பரவியது. பனிமனிதனைத் தேடும் ஆர்வமும் அதனோடு பரவியது.

எவரெஸ்டு ஏறிப் புகழ் பெற்ற எட்மண்டு இல்லாரி, 1960-ஆம் ஆண்டில் ஒரு குழுவுடன் சென்று இதனை ஆராய முற்பட்டார். நேபாளத்தில் கும்சுங் என்னும் ஊரார், பனிமனிதனின் தலைத்தோல் என்று ஒரு பொருளைப் போற்றிக் காத்து வந்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் செல்ல, அத்தலைத்தோல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு செல்லப்பட்டது. அறிஞர்கள் அதனை நுணுகி ஆராய்ந்தனர். அது ‘செரோ’ எனப்படும் மலையாட்டு இன விலங்கின் தோலை வளைத்துச் செய்யப்பட்டது என்பது தெளிவாயிற்று. ஊரார் எவரையும் ஏமாற்ற எண்ணினாரல்லர். முன்னோர் தந்ததை அவர்கள் முன்னோர் சொல்லோடு காத்து வந்தனர். ஆயினும், போற்றப்படும் பொருள் அனைத்தும் சான்றாகிவிடாது என்பதை அவ்வாராய்ச்சி உணர்த்தியது.

பின்னர் அறிவியல் மேலும் வளர்ந்தது. மயிர், எலும்பு, பல், தோல் ஆகியவற்றின் சிறு துணுக்கைக் கொண்டே அது எவ்வுயிருக்கு உரியது எனக் கூறும் மரபணு ஆராய்ச்சி தோன்றியது. பனிமனிதனுடையவை என்று காப்பாற்றப்பட்ட ஒன்பது பொருள்களை இம்முறையில் ஆராய்ந்து, சார்லட் லிண்டுக்விஸ்டு என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2017-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் எட்டு, இமயத்திலும் திபெத்திலும் வாழும் கரடிகளுக்கு உரியவை. ஒன்று நாய்க்கு உரியது. 2019-ஆம் ஆண்டில் இந்தியப் படையினர், மக்காலு சிகரத்தின் அடிவார முகாமருகே, 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள சுவடுகளைக் கண்டதாக அறிவித்தபோது, பழைய வாதம் மீண்டும் எழுந்தது. கரடி நடக்கும்போது அதன் பின்னங்கால் முன்னங்காலின் சுவட்டின் மேலேயே பதிவதுண்டு. அவ்விரண்டும் சேர்ந்து ஒரு பெருஞ்சுவடு போலத் தோன்றும். வெயிலில் பனி உருகும்போது, அச்சுவடு மேலும் அகன்று காணப்படும். ஆதலின், பனியில் கண்ட சுவட்டைக் கொண்டு மட்டும் அதனைப் பதித்த உயிரின் அளவை உறுதி செய்தல் அரிது.

பிக்ஃபுட்டின் வரலாறு இதனினும் விந்தையானது. 1958-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வடபகுதியில் உள்ள பிளப் கிரீக் என்னுமிடத்தில், சாலை அமைக்கும் தொழிலாளர் ஒருவர் 16 அங்குல நீளமுள்ள அடிச்சுவடுகளைக் கண்டார். அவ்வூர்ச் செய்தித்தாள் அதனை வெளியிட, பிக்ஃபுட் என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. அச்சாலைப் பணியை ஏற்று நடத்திய ரே வாலசு என்பவர் 2002-ஆம் ஆண்டில் மறைந்தார். அதன் பின்னர் அவர் குடும்பத்தார், சுவடு பதிப்பதற்கென அவர் வைத்திருந்த மரத்தால் ஆன பெரும்பாதங்களை எடுத்துக் காட்டினர். வேடிக்கையாகத் தொடங்கிய ஒரு செயல், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பல்லாயிரவரை நம்பவைத்தது. அதே பிளப் கிரீக்கில் 1967-ஆம் ஆண்டில் இருவர் ஒரு சிறு திரைப்படம் எடுத்தனர். மயிரடர்ந்த உருவம் ஒன்று நடந்து செல்வதை அது காட்டுகிறது. ஒரு நிமிட நேரமே ஓடும் அப்படத்தைப் பற்றிய வாதம் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை.

இவ்வுயிர்கள் உண்டு என்பாரும் சில நியாயங்களைக் கூறுகின்றனர். ‘காடு பெரிது, மனிதன் கண்டது சிறிது. காட்டில் வாழ்வோர் சொல்லை நகரத்தார் எள்ளி நகையாடியபின், அச்சொல்லே மெய்யான காலமும் உண்டு’ என்பது அவர்கள் கூற்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக் காடுகளில், கால்களில் வெண்கோடுகள் உடைய விலங்கு ஒன்று வாழ்வதாக அக்காட்டு மக்கள் கூறினர். ஆரி சான்சுடன் என்பவர் அதனைப் புறக்கணியாமல் விசாரித்து, அவ்விலங்கின் தோல் துண்டுகளைப் பெற்றார்; அது வரிக்குதிரை இனத்தது என்று கருதினார். பின்னர் முழுத்தோலும் மண்டையோடும் கிடைத்தபோது, அது ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான விலங்கு என்பது விளங்கியது. ‘ஒகாபி’ எனப்படும் அவ்விலங்கு 1901-ஆம் ஆண்டில் அறிவியலுலகின் ஏட்டில் இடம்பெற்றது. காட்டு மக்கள் கூறியது மெய். தேடியவர் கருதியது பிழை. இரண்டையும் தீர்த்து வைத்தது மண்டையோடு.

இல்லை என்பார் கூறும் நியாயம் இதனினும் வலியது. எந்த விலங்கும் தனியொன்றாகப் பல நூற்றாண்டு வாழ்தல் இயலாது. ஓரினம் நிலைபெற வேண்டுமாயின், ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகப் பல இருத்தல் வேண்டும். அவை உண்ணும்; எச்சம் இடும்; நோயுறும்; இறக்கும். பேருருவம் உடைய உயிர்கள் அத்தனை இருந்தும், ஓர் எலும்போ, ஒரு பல்லோ இதுவரை கிடைக்காதது ஏன் என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவிற்குத் தக்க விடை இன்னும் எவரும் தரவில்லை.

இத்தகைய வாதம் ஒன்று தென்னாட்டிலும் உண்டு. அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிக்காரர், ‘கல்லானை’ என்னும் குள்ளமான யானையினம் ஒன்று அங்கு உண்டு என்பர். அது ஐந்தடி உயரமே வளரும் என்றும், பாறைச் சரிவுகளில் எளிதில் ஏறும் என்றும் கூறுவர். கேரளத்தில் உள்ள பேப்பாறைச் சரணாலயப் பகுதியில், 2005-ஆம் ஆண்டில் அத்தகைய யானை ஒன்றின் ஒளிப்படமும் எடுக்கப்பட்டது. ஆயினும், அது தனியினமா, வளர்ச்சி குன்றிய ஒரு யானையா என்பது ஒளிப்படத்தால் மட்டும் தீர்வதன்று. காணிக்காரர் காட்டை நன்கறிந்தவர். அவர் சொல்லை இகழ்தல் தகாது. ஆராயாமல் ஏற்றலும் தகாது. அவர் சொல் தேடலுக்குத் தொடக்கமாகலாம். முடிவாவது சான்று ஒன்றே.

இனி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, ஒரே மலைத்தொடரில் அமைந்த மேகமலையில் நிகழ்ந்ததைக் காண்க. அங்கே 1948-ஆம் ஆண்டில் ஆங்கசு அட்டன் என்னும் இயற்கை ஆர்வலர், பழந்தின்னும் வௌவால் ஒன்றைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்தோர் அதனை எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழவௌவால் என்று கருதி, அப்பெயரையே எழுதி ஒரு பெட்டியில் வைத்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அப்பிழையான பெயரோடு அங்கே கிடந்தது.

1970-ஆம் ஆண்டில், தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த கிட்டி தாங்லாங்யா என்னும் அறிஞர் அக்கழகத்தின் வௌவால்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மேகமலை வௌவாலுக்கு வால் இல்லை. குறுமூக்கு வௌவாலுக்கோ சிறுவால் உண்டு. முன்பற்களின் எண்ணிக்கையும் வேறுபட்டது. அதனை அதற்கு முன் எவரும் அறியாத இனம் என்று உணர்ந்த அவர், 1972-ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். உலகிலேயே அந்த ஓருடல்தான் அவ்வினத்திற்கு அன்று சான்று. இன்னும் அது வாழ்கிறதா என்பதும் ஐயமாக இருந்தது. 1993-ஆம் ஆண்டில் அதே மலைப்பகுதியில் ஆராய்ச்சியாளர் அதனை மீண்டும் கண்டனர். பின்னர்ப் பொதிகைமலைப் பகுதியிலும் அது காணப்பட்டது.

பனிமனிதனையும் இவ்வௌவாலையும் ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முன்னதற்குக் கதைகள் ஆயிரம், உடல் இல்லை. பின்னதற்குக் கதை ஒன்றும் இல்லை. கைக்குள் அடங்கும் உடல் மட்டும் இருந்தது. அதனை யாரும் எடுத்துப் பார்க்கலாம், பல்லை எண்ணலாம், ஒருவர் கூறியது பிழையாயின் மற்றொருவர் திருத்தலாம். முதலில் எழுதப்பட்ட பெயர் பிழையாயினும், உடல் காக்கப்பட்டதனால் பிழை நீங்கிற்று. சான்றின் சிறப்பு இதுவே. அது கண்டவர் ஒருவரோடு நின்றுவிடாமல், பின்வருவோர் அனைவரும் சோதித்தறிய இடந்தருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பிலும், இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் காட்டிலும் வாழும் சாம்பல் நிற அணிலும் இவ்வாறே அறியப்பட்டது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. ஓடைக்கரை மரங்களின் உச்சியில் வாழும் அவ்வணில், எளிதில் கண்ணில் படாது. ஆராய்ச்சியாளர் அதன் கூடுகளை எண்ணினர். உண்ணும் கனிகளைக் குறித்தனர். நாள்தோறும் காத்திருந்து கண்டனர். அதனைக் காக்கும் பொருட்டு 1988-ஆம் ஆண்டில் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டில் அது மேகமலைக் காட்டோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. புலியும் எளிதில் கண்ணில் படுவதன்று. ஆயினும், மரங்களில் பொருத்திய தானியங்கிப் படக்கருவிகள் அதனைப் படம் பிடிக்கின்றன. ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு அமைவதில்லை ஆதலால், அப்படங்களைக் கொண்டு புலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிறது. மறைந்து வாழும் உயிரும் தேடுவோர்க்குச் சான்று தரும் என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வாராய்ச்சியால் பயன் யாது என்று சிலர் வினவலாம். உண்டு என்று அறியப்பட்ட உயிரையே சட்டம் காக்கும். பெயரறியா உயிர், காடு அழியும்போது தானும் அழியும்; அழிந்தது என்று வருந்துவாரும் இரார். மேகமலை வௌவாலின் உடல் அப்பெட்டியில் இல்லாது போயிருப்பின், அவ்வினத்தைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணமே எவர்க்கும் எழுந்திராது. அணில் ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்திற்குத் தாவிச் செல்லக் கிளைகள் நெருங்கியிருத்தல் வேண்டும்; வௌவால் பகலில் தங்கக் குகை வேண்டும். மரம் வெட்டுண்டு, குகை குலைந்தபின், இவற்றைத் தேடிச் செல்வதனால் பயனில்லை. இல்லாத பேருருவத்தைத் தேடி வியக்கும் உலகம், இருக்கும் சிற்றுயிரை இழந்துவிடலாகாது.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. வியத்தகு செய்தி ஒன்றைக் கேட்கும்போது, கண்டவர் யார், அவர் விட்டுச் சென்ற சான்று யாது, அதற்கு வேறு காரணம் இருத்தல் கூடுமா, பிறர் அதனைச் சோதிக்க இயலுமா என்னும் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். எளிதில் நம்புதலும் அறிவன்று. கேளாமலே மறுத்தலும் அறிவன்று. மேற்கு மலையில் இன்னும் பெயரறியா உயிர்கள் இருத்தல் கூடும். அவை பேருருவமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஓர் இலையின் அடியில் ஒடுங்கும் தவளையாகவோ, குகையின் இருளில் தொங்கும் வௌவாலாகவோ இருக்கலாம். பொறுமையோடு தேடி, கண்டதைப் பிழையின்றிக் குறித்து, பிறர் சோதனைக்கு உட்படுத்துவோர்க்கே அவை தம்மைக் காட்டும்.