தகட்டில் பிறந்த சொற்கள்: இத்தாலிய விரைவு மகிழுந்துகளின் பெயர்களும் பொறியியலும்

கலைச்சொல் இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று, அகராதிகளைப் பரப்பி வைத்து அறிஞர்கள் அமரும் மேசை. மற்றொன்று, கையில் கருவியோடு ஒருவர் வேலை செய்யும் பட்டறை. முதலாவதில் பிறக்கும் சொல்லுக்கு இலக்கண அமைதி இருக்கும். ஆனால், அது வழக்கிற்கு வருமா என்பது ஐயமே. இரண்டாவதில் பிறக்கும் சொல் வழக்காகவே பிறந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டை விளக்க, மொழியியலார் பெரிதும் நாடாத ஒரு துறையிலிருந்து சான்று காட்ட விரும்புகிறேன். அது இத்தாலிய விரைவு மகிழுந்துகளின் வரலாறு. அவற்றின் பெயர்கள் நம் செவிக்கு இசைபோல் ஒலிக்கின்றன. இத்தாலியரின் செவிக்கோ அவற்றுட் பல, வீட்டிலும் தெருவிலும் புழங்கும் எளிய சொற்களே. அப்பெயர்களைப் பிரித்துப் பொருள் கண்டால், ஒவ்வொன்றிலும் ஒரு பொறியியல் முடிவு பதிந்திருப்பதைக் காணலாம்.

முதலில் தொழிலின் பெயரைப் பார்ப்போம். மகிழுந்தின் மேலுடலைச் செய்யும் பட்டறைக்கு இத்தாலியில் ‘கரொட்செரியா’ என்று பெயர். ‘கரொட்சா’ என்றால் குதிரை வண்டி. குதிரை போய் இயந்திரம் வந்த பின்னும் பட்டறையின் பெயர் மாறவில்லை. அங்கே அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைவு கொண்டுவரும் கைவினைஞர் ‘பத்திலாஸ்த்ரா’ எனப்பட்டார். ‘பத்தி’ என்பது தட்டுதலையும் ‘லாஸ்த்ரா’ என்பது தகட்டையும் குறிக்கும். பொற்கொல்லரைத் ‘தட்டார்’ என்று அழைத்த தமிழர்க்கு இச்சொல்லாக்கம் புதிதன்று. செய்யும் வினையே செய்வோரின் பெயராயிற்று.

1926இல் மிலான் நகரில் ஃபெலிசே பியாங்கி ஆண்டர்லோனி என்பவர் ‘தூரிங்’ என்னும் பட்டறையை நிறுவினார். அக்காலத்தில் வண்டியின் மேலுடலுக்கு மரச்சட்டம் அமைப்பது பெருவழக்கு, அது கனமானது. 1930களின் பிற்பகுதியில் இப்பட்டறை வேறொரு முறையைக் கண்டது. மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, வண்டியின் வடிவத்தில் ஒரு கூடு செய்தனர். அக்கூட்டின்மேல் மெல்லிய அலுமினியக் கலவைத் தகட்டைப் போர்த்தினர். வலிமையைக் குழாய்க்கூடு தந்தது. காற்றைக் கிழிக்கும் வடிவத்தைத் தகடு தந்தது. இம்முறைக்கு இட்ட பெயர் ‘சூப்பர்லெஜ்ஜேரா’. இதன் பொருள் ‘மிக இலேசானது’ என்பதே. விளக்கம் வேண்டாத பெயர். தூக்கிப் பார்த்தவர் சொல்லக்கூடிய சொல்.

1948இல் தூரின் கண்காட்சியில் ஃபெராரி நிறுவனத்தின் 166 எம்எம் என்னும் வண்டி வைக்கப்பட்டது. மேலுடல் தூரிங் பட்டறையின் ஆக்கம். கூரை இல்லை, பக்கங்கள் உருண்டு திரண்டிருந்தன. அதற்கு ‘பர்க்கெத்தா’ என்ற பெயர் நிலைத்தது. ‘பர்க்கா’ என்றால் படகு. ‘-எத்தா’ சிறுமைப் பொருள் தரும் விகுதி. சின்னஞ்சிறு படகு! அடுத்த ஆண்டே அந்தப் படகு ‘மில்லே மிலியா’ என்னும் ஆயிரம் மைல் போட்டியிலும், பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணிநேரப் போட்டியிலும் வென்றது. இன்று கூரையற்ற விரைவு வண்டி எதையும் உலகம் இச்சொல்லால் சுட்டுகிறது. உவமையாகத் தொடங்கியது வகைப்பெயராக முடிந்தது.

166 என்ற எண்ணும் வெறும் அடையாளம் அன்று. ஜொவாக்கினோ கொலம்போ என்ற பொறியாளர் ஃபெராரிக்காக 12 உருளைகள் கொண்ட இயந்திரத்தை வடிவமைத்தார். ஆறு ஆறாக இரு வரிசைகள் ‘வி’ வடிவில் சாய்ந்து நிற்கும் அமைப்பு அது. ஓர் உருளையின் கொள்ளளவே வண்டியின் பெயராயிற்று. 166ஐ 12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,000 கன சென்டிமீட்டர், அதாவது 2 லிட்டர். 250ஐப் பெருக்கினால் 3 லிட்டர். 1947இல் வந்த முதல் வண்டி 125. அதன் இயந்திரம் 1.5 லிட்டர். உருளைகளை எண்ணிக்கையில் பெருக்கி, ஒவ்வொன்றையும் சிறிதாக வைத்ததே கொலம்போவின் உத்தி. உந்துருள் சிறிதாகவும் இலேசாகவும் இருந்தால் விரைந்து மேலும் கீழும் இயங்க முடியும்; இயந்திரம் அதிகச் சுழற்சியைத் தாங்கும். பெயரில் மொத்த அளவைச் சொல்லாமல் ஓர் உருளையின் அளவைச் சொன்னதில் அந்தச் சிந்தனை வெளிப்படுகிறது.

1957இல் உருவான 250 வகைப் போட்டி வண்டிக்குத் ‘தெஸ்தா ரோஸா’ என்று பெயர். ‘தெஸ்தா’ தலை, ‘ரோஸா’ சிவப்பு. உருளைகளின் மேற்பகுதியை இயந்திரத் தொழிலாளர் பல மொழிகளிலும் ‘தலை’ என்றே சொல்வர். அத்தலைமேல் அமைந்த மூடிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்ததால் இப்பெயர் வந்தது. செந்நிறக் கூந்தலாளையும் அத்தொடர் குறிக்கும் என்பதால் குறும்பும் கலந்திருக்கிறது. மொழியியல் மாணவர்க்கு மற்றொரு சுவையும் உண்டு. இலத்தீனில் ‘தெஸ்தா’ என்றால் மட்கலம். பேச்சுவழக்கில் விளையாட்டாகத் தலையைக் குறிக்கத் தொடங்கிய அச்சொல், நாளடைவில் தலைக்கே உரியதாயிற்று. மட்கலத்தையும் தலையையும் ‘மண்டை’ என்ற ஒரே சொல்லால் குறித்த நம் மொழியிலும் இவ்வுறவு உண்டு. அந்தச் சிவப்பு மண்டை வண்டி 1958, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் லெ மானில் வாகை சூடியது.

எல்லாப் பெயர்களும் பட்டறையில் பிறந்தவை அல்ல. 1962இன் 250 ஜிடிஓ வண்டியில் உள்ள ‘ஓ’, ‘ஒமொலொகாத்தோ’ என்னும் சொல்லின் முதலெழுத்து. ‘விதிகளின்படி ஏற்கப்பட்டது’ என்பது பொருள். இது அலுவலகச் சொல். அவ்வகைப் போட்டியில் ஓட 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி செய்தவை 36 மட்டுமே. முந்தைய வண்டியின் மாற்றுருவமே இது என்று வாதிட்டு அந்நிறுவனம் ஏற்பைப் பெற்றது. ஐயத்துக்கு இடமிருந்த தகுதியைப் பெயரிலேயே பொறித்துக்கொண்டது வரலாற்றின் நகைமுரண்.

இனி, இயந்திரம் இடம்பெயர்ந்த கதை. உழுபொறி செய்து வளம்பெற்ற ஃபெருச்சோ லம்போர்கினி, 1963இல் மகிழுந்துத் தொழிலில் இறங்கினார். 1966இல் ஜெனீவாவில் அவரது மியூரா பி400 அறிமுகமானது. ‘பி’ என்பது ‘பொஸ்தெரியோரே’, அதாவது பின்புறம். 400 என்பது 4 லிட்டர். ஜான் பாவ்லோ தல்லாரா முதலான இளம் பொறியாளர்கள் 12 உருளை இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னே குறுக்காகக் கிடத்தினர். எடை வண்டியின் நடுவை நோக்கி வந்தது, நீளமும் அடங்கியது. ஆனால், இயந்திரமும் பல்லிணைப் பெட்டியும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. பற்களில் தேயும் உலோகத் துகள் இயந்திரத்துள் புகும் இடர் அதில் இருந்தது.

அடுத்த வண்டியில் பாவ்லோ ஸ்தான்சானி இயந்திரத்தை நெடுக்காகத் திருப்பி, பல்லிணைப் பெட்டியை அதன் முன்னே, இருக்கைகளுக்கு இடையே கொண்டுவந்தார். நெடுக்காக வைத்தும் இரு அச்சுகளுக்கிடையே உள்ள தொலைவு 2.45 மீட்டர்தான். மியூராவைவிடக் குறைவு! வடிவமைத்தவர் பெர்த்தோனே பட்டறையின் மார்ச்செல்லோ கந்தீனி. அகன்ற வண்டி, பின்னே பார்ப்பது அரிது. எனவே, கதவை மேல்நோக்கித் திறக்கச் செய்தார். பின்னோக்கிச் செலுத்தும்போது ஓட்டுநர் கதவை உயர்த்தி, வெளியே சாய்ந்து பார்க்கலாம்.

அவ்வண்டிக்குப் பெயர் வந்த வகையைக் கந்தீனியே கூறியுள்ளார். பூட்டுகளைச் செய்த நெடிய உருவினர் ஒருவர் பியெமொந்தே வட்டார மொழியையே பேசுவார். அடிக்கடி அவர் வாயில் வரும் வியப்புச் சொல் ‘குந்தாச்’. கொள்ளைநோய் என்பது அதன் நேர்ப்பொருள். வியப்பைச் சொல்லவே அது வழங்கியது. அதையே வண்டிக்கு வைத்தனர். நாம் ‘கொள்ளைநோய்’ என்கிறோம். ‘கொள்ளை அழகு’ என்றும் சொல்கிறோம். இச்சொல்லின் நுட்பம் தமிழர்க்கு எளிதில் விளங்கும். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘கவுண்டாக்’ என்று படிப்போர் பலர். பட்டறையில் ஒருவர் சொன்னபடி சொன்னால்தான் அதில் வியப்பு இருக்கும்.

நானும் கலைச்சொல் குழுக்களில் அமர்ந்தவன். உந்துருளுக்கும் பல்லிணைக்கும் சொல் தேடியபோது, நாங்கள் ஒருநாளும் ஒரு பட்டறைக்குப் போனதில்லை. எங்கள் சொற்கள் அச்சேறின; பட்டறையில் ஏறவில்லை. ‘மகிழுந்து’ என்ற நம் சொல் இனியது, நிலைபெற்றுவிட்டது. ஆயினும், அது பயணம் செய்பவரின் மகிழ்ச்சியைச் சொல்கிறது. ‘பத்திலாஸ்த்ரா’ செய்பவரின் உழைப்பைச் சொல்கிறது. செய்பவரின் வாய்ச்சொல் நம் அகராதிக்குள் வரும்வரை, பொருளை வாங்குகிற மொழியாக மட்டுமே தமிழ் இருக்கும். அகராதியாளர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் பட்டறை. அங்கே பழுது பார்க்கும் தமிழ் இளைஞர் ஒரு பகுதியைக் கைகாட்டி என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்பதே, கலைச்சொல்லாக்கத்தின் முதற்படி.